ஒரே குழியில் படுத்த வளையம்

எந்த ஊர்க் குரலையும் அரை வார்த்தையில் அடையாளம் கண்டுகொண்ட என் தேவகி அக்காவுக்கு,

நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. உன் நினைவு நாளில் படத்துக்குச் சாமந்தி வைத்துவிட்டு வாய்க்குள்ளேயே ஏதாவது பேசிக்கொள்வது என் வழக்கம். இந்த முறை அச்சில் பேசுகிறேன். நம் ஊர் மாத இதழை நடத்துகிறவர் ஏதாவது எழுதித் தரும்படி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உயிரோடு இருப்பவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் ஏறவில்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. குமட்டல்தான். சாப்பாட்டினால் வந்த குமட்டல் இல்லை. கடைவீதியில் ஒரு பதாகை கட்டியிருக்கிறார்கள், அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வருகிறது. அதில் இருப்பது இரண்டே வார்த்தை: 'ஒளி வளையம்'.

முதலில் நல்ல செய்தி. கொடைக்கானலுக்குக் கண்ணாடி இழை வந்துவிட்டது. முடியைப் போன்ற இழை, அதற்குள் ஒளி ஓடுகிறது. நீ டெலிபோன் ஆபீசில் டிரங்க் போர்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு பேச்சுக்கு ஒரு கயிறு என்று செருகிக்கொண்டிருந்தாயே, வத்தலக்குண்டு லைன் காலியாகும்வரை மதுரைக்குக் காத்திருந்தவர்களிடமெல்லாம் பேச்சு வாங்கினாயே, அந்தக் காலம் போயே போய்விட்டது. எஸ்.டி.டி. பூத்துகள்கூட பிரவுசிங் சென்டர்களாகிவிட்டன. இப்போது ஒரே இழையில் கண்ணுக்குத் தெரியாத பல நிறங்களில் ஒளியை அனுப்புகிறார்கள். ஒரு நிறம் வங்கிக்கு, ஒரு நிறம் பள்ளிக்கு, ஒரு நிறம் ஆஸ்பத்திரிக்கு. ஒன்றோடொன்று கலப்பதில்லை. அடுத்த முனையில் முப்பட்டைக் கண்ணாடி போல ஒன்று அவற்றை மறுபடி பிரித்து விடுகிறது.

ஈதர்நெட் என்று ஒரு முறை. முதலில் அது ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகள் பேசிக்கொள்வதற்காக வந்தது. நான் தொலைபேசித் துறை வேலையில் இருந்த காலத்தில் ஊர்விட்டு ஊர் போகிற தடங்களில் ஒவ்வொருவருக்கும் இடம் ஒதுக்கி வைப்போம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இருக்கை அவருக்குத்தான், ரிசர்வ் செய்த பஸ் மாதிரி. ஈதர்நெட்டில் அப்படி இல்லை. வந்தவர் ஏறிக்கொள்ளலாம், காலி இருக்கை என்று ஒன்றும் வீணாகாது. அதைத்தான் இப்போது இழையில் ஏற்றி ஒரு நகரம் முழுவதையும், அதற்கு வெளியேயும் இணைக்கிறார்கள். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஓய்வு பெற்றவன் வேறு என்ன செய்வான்? பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு புத்தகங்களை வரிவரியாகப் படித்தேன். அழகான ஏற்பாடு, அக்கா. குறை சொல்ல நினைத்து உட்கார்ந்தவன் வாய்மூடி எழுந்தேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது வளையம்தான். இழையை நேர்கோடாகப் போடாமல் ஊரைச் சுற்றி வளையமாகப் போடுவார்கள். எந்த இடத்திலாவது அறுந்தால் செய்தி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். ஆனால் வளையம் முழுவதும் திறந்திருந்தால் ஈதர்நெட்டுக்கு அது விஷம். ஒரே செய்தி நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் மூச்சுத் திணறவைத்துவிடும். அதனால் ஒரு வாசலை வேண்டுமென்றே பூட்டி வைத்திருப்பார்கள். எங்காவது அறுந்தால் உடனே அந்தப் பூட்டுத் திறந்துகொள்ளும். யாரும் ஓடிப்போய்த் திறக்கவேண்டாம், வளையத்தில் உள்ள பெட்டிகளே தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளும். இப்படி யோசித்தவர்களை நினைத்து நான் ஒரு நாள் முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். அப்படிப்பட்ட ஒன்றைக் கையில் கொடுத்தால் மனிதர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கடிதம்.

விடுதிக்காரர்களும் பள்ளிக்கூடங்களும் மிஷன் ஆஸ்பத்திரியும் சேர்ந்து மலைக்குக் கீழே உள்ள கம்பெனி ஒன்றிடம் இந்த வேலையைக் கொடுத்தார்கள். ஊருக்குள் ஒரு வளையம், ஊரிலிருந்து சமவெளிக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள், ஒன்று வத்தலக்குண்டுக்கு, ஒன்று பழனிக்கு. அவை இரண்டும் கீழே கைகோத்து இன்னொரு பெரிய வளையமாகும். வேலை முடிந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். 'நம்ம ஊர்லயே டெலிபோன் இன்ஜினியர் இருக்காரே' என்று யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, உனக்குத் தெரியுமே.

கையெழுத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்காதே. ஆஸ்பத்திரிக் கூரையில் அடிவாரத்துக் கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு தட்டு இருக்கிறதே, அது ஒரு பழைய ரேடியோ இணைப்பு. ஆமை வேகம். ஆனால் எப்போதும் இருக்கும். நெஞ்சு வலி என்று யாராவது வந்தால் ஈ.சி.ஜி. எடுத்து அதன் வழியாகத்தான் மதுரை இதய மருத்துவருக்கு அனுப்புவார்கள். புதிய வளையம் சரி என்று நான் கையெழுத்துப் போட்டால் அன்றே அந்தப் பழைய இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றார்கள்.

பெருமாள்மலைக்கு மேலே குழி தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் வெள்ளனே போனேன். பனி இன்னும் கலையவில்லை. சாலையோரக் குழியில் சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் தோளோடு தோள் கிடந்தன. தலைப்பாகைக்கு மேல் சாக்கைப் போர்த்தியபடி முத்தம்மா என்ற பெண் மண் தள்ளிக்கொண்டிருந்தார். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம்.

"பாத்து ஐயா, வழுக்குது. கீழ போனா நேரா தேனிதான்" என்றார்.

"இந்த ரெண்டு குழாயும் எங்கேம்மா போகுது?"

"இது அண்ணன், அது தம்பிங்கய்யா. பெருமாள்மலை முக்குக்குப் போனதும் அண்ணன் வத்தலக்குண்டுக்கு எறங்கிருவாரு. தம்பி பழனிக்குக் கோவிச்சிக்கிட்டுப் போயிருவாரு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஒரே படுக்கைதான்." அவர் சிரித்தார். "எங்க தோட்டத்து லயத்துல ஒரே காம்பராவுல, ஒத்த ரூமுல, குடும்பமே படுத்து எந்திரிச்சோம். இதுக ரெண்டுக்கும் என்னாங்கய்யா கொறச்சல்?"

குழிமேட்டில் நின்ற சூப்பர்வைசருக்கு இது பிடிக்கவில்லை. "முத்தம்மா, சோலியப் பாரு. சார்கிட்ட என்ன குடும்பக் கதை?" பிறகு என் பக்கம் திரும்பினார். "டிராயிங்ல ரெண்டு கோடு இருக்கு சார். குழியில ரெண்டு கொழா கெடக்கு. எண்ணிக்கோங்க."

நான் எண்ணினேன். இரண்டுதான் இருந்தன. "சரிப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த வளைவைத் தாண்டிய பிறகுதான் சொல்லவேண்டிய பதில் நினைவுக்கு வந்தது. என் பதில்கள் எப்போதும் அப்படித்தான் வருகின்றன, பஸ் போன பிறகு.

ஓர் இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று மறுநாளும் அதற்கடுத்த நாளும் போய், அருவி வளைவு வரைக்கும், அங்கிருந்து ஊர் வரைக்கும் நடந்து பார்த்தேன். எங்கும் அண்ணனும் தம்பியும் பிரியவே இல்லை. உனக்குத் தெரியும், கீழிருந்து நம் ஊருக்கு வரும் இரண்டு சாலைகளும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடுகின்றன. அங்கிருந்து மேலே ஒரே சாலைதான். ஒரு பாறை உருண்டாலும் ஒரு பொக்லைன் பல்லை அழுத்தினாலும் இரண்டு குழாய்களும் சேர்ந்தே போகும். வளையத்தின் இரண்டு பக்கங்களையும் ஒரே குழியில் படுக்கவைத்தால் அது எப்படி வளையமாகும்? கைக்குள் நசுக்கிய வளையல் அது.

கூட்டம் ஏரிக்கரை விடுதி ஒன்றில் நடந்தது. விடுதிக்காரர்கள் சங்கத்தின் தலைவர்தான் அந்த விடுதியின் முதலாளி. கம்பெனி மேனேஜர் டை கட்டியவர், பணிவானவர், எல்லா வாக்கியத்திலும் ஒரு 'சார்' வைப்பவர். திரையில் வத்தலக்குண்டு அலுவலகத்தில் ஓர் ஊழியர் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியிலிருந்து மஞ்சள் இழை ஒன்றைப் பிடுங்கினார். திரையில் இருந்தவர் ஒரு கணம் சிலைபோல் நின்றார், பிறகு மறுபடி கையசைத்தார். செய்தி பழனியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அக்கா. கை தானாகவே தட்டிவிட்டது.

சோதனையில் பொய் இல்லை. அதுதான் அதன் சூது. அவர்கள் அறுத்துக் காட்டியது தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு செருகியை. மலையில் இழை அறுவது மேசைக்குப் பக்கத்தில் அல்ல.

நான் கையைத் தூக்கினேன். "ஒரு கேள்வி..."

"சத்தமா சார்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"மண்ணுக்குள்ள ரெண்டும் ஒண்ணாத்தானே கிடக்கு?"

"குட் கொஸ்டின் சார்" என்றார் மேனேஜர். "லாஜிக்கலா ரெண்டு பாத் சார். பிசிக்கலா டிரெஞ்ச் மட்டும் ஷேர் பண்றோம் சார். அதுவும் கொஞ்ச தூரம்தான்."

"பெருமாள்மலையிலேர்ந்து ஊர் வரைக்கும்..."

"வேற ரோடு இல்லையே சார். மலைய நாங்களா செஞ்சோம்?"

சிரிப்பு. தலைவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சார் கவர்ன்மென்ட்ல இருந்தவரு. எதையும் ரெண்டு தடவை யோசிப்பாரு. மூணாவது தடவை யோசிக்கறதுக்குள்ள ரிட்டயர்டு ஆயிட்டாரு." இன்னும் பெரிய சிரிப்பு. கையெழுத்துப் போடவேண்டிய தாளை என் முன்னால் நகர்த்தினார்கள். நான் பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். என்னுடைய வீரம் அவ்வளவுதான்.

'லாஜிக்கலா.' அந்த வார்த்தை என் வாயில் கசப்பு மாத்திரை போல ஒட்டிக்கொண்டது. அது நாங்கள் படித்த நல்ல வார்த்தை. செய்தி எந்த ஒழுங்கில் போகிறது என்பதை, அதைச் சுமக்கும் கம்பியிலிருந்து பிரித்து யோசிப்பதற்காக வந்தது. அதையே எடுத்து, செய்யாத வேலைக்குப் போர்வையாகப் போர்த்திவிட்டார்கள். காகிதத்தில் இரண்டு கோடு வரைந்தால் லாஜிக்கலாக இரண்டு. அப்படியானால் லாஜிக்கலாகச் சோறு போட்டு, லாஜிக்கலாக மருந்து கொடுக்கலாமே. திருடன் திருடினால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வராது. படித்த வார்த்தையை வைத்துத் திருடும்போதுதான் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் என்மேலேயே திரும்பிவிட்டது. ஒருவேளை நான்தான் பழைய ஆளோ? இப்போதெல்லாம் இப்படித்தான் செய்வார்களோ? புதிய வேலையைச் செய்ய வயதில்லாதவனின் பொறாமையோ? புத்தகங்களை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். வேறு வேறு குழி, வேறு வேறு சாலை, முடிந்தால் கட்டடத்துக்குள் நுழையும் வாசல்கூட வேறு வேறு என்றுதான் எல்லாவற்றிலும் இருந்தது. வேறு வழி இல்லை என்று மேனேஜர் சொன்னதும் முழு உண்மை இல்லை. வில்பட்டிப் பக்கமாக இறங்கிப் பேத்துப்பாறை வழியாக, சாலையைத் தொடாமல், கம்பங்கள் நட்டு இழையைப் பழனிப் பக்கம் கொண்டுபோகலாம். சிரமம்தான். ஜீப் போகாத இடங்களில் தோளில் சுமக்கவேண்டும். அந்தச் சிரமத்துக்காகத்தானே அவர்களிடம் வேலையைக் கொடுத்தது?

நான் கையெழுத்துப் போடாததால் வேலை ஒன்றும் நிற்கவில்லை. மலையேறி வந்து ஒரு குழியையும் பார்க்காத யாரோ ஒரு நிபுணரின் கையெழுத்து சென்னையிலிருந்து வந்தது. ரிப்பன் வெட்டினார்கள், பதாகை ஏறியது. அந்த நாள்களில்தான் ஆஸ்பத்திரி நிர்வாகியான சிஸ்டர் ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டனுப்பினார். நீ படுத்திருந்த வார்டுக்கு வெளியே, நடைக்கூடத்தில் வைத்தே கேட்டார்.

"சார், அன்னைக்கு நீங்க பேசினதுல பாதிதான் எனக்குக் கேட்டுச்சு. மீதி உங்க வாய்க்குள்ளயே போயிருச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பழைய லைனை எடுத்துரலாமா?"

"அதைப் பொறுத்த வரைக்கும் சிஸ்டர், ரெண்டு விதமா..."

"ஆமாவா, இல்லையா?"

நீ கேட்பதுபோலவே இருந்தது. "ஏலே, வெண்டைக்காயை நறுக்குற மாதிரி வழவழன்னு பேசாத. ஒண்ணு சொல்லு" என்பாயே.

"இல்லை" என்றேன்.

"அவ்வளவுதான் சார் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழைய இணைப்பு கூரையிலேயே நின்றது. கூட்டத்தில் தலைவர் அவரைக் கேலி செய்ததாகக் கேள்விப்பட்டேன். "சிஸ்டருக்கு ஜெபம் பண்ண ஒரு லைன், பேச ஒரு லைன் வேணுமாம்."

ஐப்பசி மழை வந்தது. மூன்றாம் நாள் காலையில் அருவி வளைவுக்குக் கீழே மலைச்சரிவு சாலையோடு சேர்ந்து இறங்கிவிட்டது. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போனார்கள். வங்கிகள் கதவைப் பாதி சாத்தின, ஏ.டி.எம். இருட்டில் நின்றது, விடுதி வரவேற்பறைகளில் சுற்றுலா வந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். கைபேசிக் கோபுரங்களும் அதே குழியை நம்பித்தான் இருந்தன. சாதாரணத் தொலைபேசிக் கம்பிகள்மேல் மரம் விழுந்திருந்தது. ஊருக்குள் வளையம் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே போகத்தான் வழியில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முன்பே உறைத்திருக்கவேண்டும். சாலைக்குள்ளேயே இழையைப் புதைத்தால், சாலை போகும்போது இழையும் போகும். ஆனால் நமக்கு இழை மிகவும் தேவைப்படுவது சாலை இல்லாத நாளில்தானே? வண்டியில் ஒருவரைக் கீழே கொண்டுபோக முடிந்தால் அப்புறம் படத்தை எதற்கு அனுப்பவேண்டும்?

நான் குடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய இணைப்பின் பெட்டி முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. பச்சை விளக்கு அணையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான். மத்தியானத்துக்கு முன்னால் மேல்மலைக் கவுஞ்சியிலிருந்து ஒரு ஜீப் வந்தது. பூண்டு விவசாயி, கருப்பையா என்று பெயர். வேர்த்துக் கொட்டிக்கொண்டு நெஞ்சைப் பிடித்திருந்தார். மேலே இருந்து ஊருக்கு வரச் சாலை இருந்தது. ஊரிலிருந்து கீழே போகத்தான் இல்லை.

ஈ.சி.ஜி. எடுத்து அனுப்பினார்கள். திரையில் அது போய்க்கொண்டிருப்பதைக் காட்டும் கோடு நகர்வதே தெரியவில்லை. அவர் மனைவி என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். பெட்டிமுன் உட்கார்ந்திருக்கிறவன் முக்கியமானவன் என்று நினைத்துவிட்டார்.

"ஏங்கய்யா, மதுரை டாக்டர் என்ன சொல்றாரு?"

"இப்பத்தான் படம் போய்க்கிட்டிருக்கும்மா."

"வெரசாப் போகச் சொல்லுங்கய்யா."

"மெதுவாத்தாம்மா போகும். ஆனாப் போயிரும்."

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மெதுவாப் போறதுல இந்த மனுசனையும் மிஞ்சிரும் போல. நேத்து நெஞ்சு கரிக்குதுன்னாரு. வாங்க போவோம்னேன். பூண்டக் காயப் போட்டுட்டு வாரேன்னாரு."

படம் போய்ச் சேர்ந்தது. மதுரையிலிருந்து பதில் வந்தது. கீழே கொண்டுவர முயற்சி செய்யாதீர்கள், இந்த ஊசியை இப்போதே அங்கேயே போடுங்கள், இவற்றையெல்லாம் கவனியுங்கள் என்று. இங்கிருந்த இளம் டாக்டர் ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே ஓடினார். சாயங்காலம் கருப்பையாவின் முகத்தில் நிறம் திரும்பியது. உன் நெஞ்சுப் படமும் இதே வழியில்தானே போனது, அக்கா? இனிச் செய்ய ஒன்றுமில்லை, வளைவுகளில் அலைக்கழிக்காமல் அங்கேயே நிம்மதியாக வைத்திருங்கள் என்று உனக்குப் பதில் வந்தது. அந்தப் பதிலுக்கும் நான் நன்றியோடுதான் இருக்கிறேன். உனக்கு அது தெரியுமா?

இத்துடன் கதை முடிந்திருந்தால் நான் உனக்கு எழுதியிருக்கமாட்டேன். பிறகு வந்ததுதான் அசிங்கம்.

சாலை சரியானதும் கம்பெனி ஓர் அறிவிப்பு ஒட்டியது. தனித்தனியான இரண்டு பாதைகளும் ஒரே நேரத்தில் பழுதானது இயற்கையின் அபூர்வமான தற்செயலாம். தற்செயல்! ஒரே கட்டிலில் படுத்திருந்த இரண்டு பேர்மேல் ஒரே கூரை விழுந்தது அபூர்வமாம். அதைவிட மோசம், ஊர் அதை நம்பியது. டீக்கடையில் என்னிடமே சொன்னார்கள். "ரெண்டு வழி போட்டும் பாருங்க சார், நம்ம ஊர் நேரம், ரெண்டும் ஒண்ணாப் போயிருச்சு." நான் டீயை வைத்துவிட்டு, "ரெண்டு வழி இல்லப்பா, ஒரு வழிதான்" என்றேன். "அதான் சார், ரெண்டு போட்டும் ஒண்ணும் மிஞ்சலியே" என்றார் கடைக்காரர். பொய் சொன்னவர்கள்மேல் வருகிற வெறுப்புக்கு ஓர் அளவு இருக்கிறது. அந்தப் பொய்யை இவ்வளவு ருசித்துக் குடிப்பவர்களைப் பார்க்கும்போது வருவதற்கு அளவில்லை.

இழையை மறுபடி எங்கே போட்டார்கள் என்று கேட்கிறாயா? அதே குழியில்தான், அதே அண்ணன் தம்பி. மேலே மட்டும் காங்கிரீட் பூசி, அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சரிவு இறங்கினால் காங்கிரீட்டும் சேர்ந்துதான் இறங்கும். இப்போது பதாகையில் ஒரு வார்த்தை கூடியிருக்கிறது: 'பலப்படுத்தப்பட்ட' ஒளி வளையம்.

போன வாரம் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஹோம்மேட் சாக்லேட் பெட்டியோடு. நான் கதவைத் திறந்தேன், உட்காரச் சொன்னேன், காபியும் போட்டுக் கொடுத்தேன். அதற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"சார், உங்க பாயிண்ட் வேலிட் சார்" என்றார். "அதான் காங்கிரீட் போட்டுட்டோம்."

"வில்பட்டிப் பாதை?"

"அது ஃபேஸ் டூ சார். வரும் சார். இப்ப உங்க சைன் மட்டும் இருந்தா ஆஸ்பத்திரில பழைய லைனை விட்டுட்டு முழுசா நம்மகிட்ட வந்துருவாங்க. நீங்க வேணாம்னு சொன்னது ஊருக்கே தெரியும் சார். அதனாலதான் நீங்க சரின்னு சொன்னா வேல்யூ ஜாஸ்தி."

கேட்டாயா? நான் சொன்ன ஒரே ஒரு 'இல்லை'. அதையும் சந்தைக்குக் கொண்டுபோக வந்திருக்கிறார். அந்த மறுப்பு உண்மையானது, அதனாலேயே அதற்கு விலை கூடிவிட்டது. அவர் கெட்டவர்கூட இல்லை, அக்கா. காபியை ரசித்துக் குடித்தார், உன் படத்தைப் பார்த்து யார் என்று விசாரித்தார், வணங்கினார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கெட்டவராக இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "இல்லைங்க" என்றேன். "மண்ணுக்குள்ள ரெண்டாப் பிரியற வரைக்கும் முடியாதுங்க." அவர் சிரித்தபடியே எழுந்தார். "பாப்போம் சார்" என்றார். சாக்லேட் பெட்டியை மறந்ததுபோல் விட்டுவிட்டுப் போனார். மறுநாள் கொண்டுபோய் அவர்கள் அலுவலக மேசையில் நானும் மறந்துவிட்டு வந்தேன்.

ஆனால் காரியம் முடிந்துவிடவில்லை. சிஸ்டர் ஸ்டெல்லாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் நிர்வாகி நல்லவர்தான், ஆனால் அந்த ஐப்பசி மழையைப் பார்க்காதவர். வேகமான வளையம் இருக்கும்போது ஆமையை எதற்குக் கட்டி வைத்திருக்கிறோம் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். பழைய இணைப்பை விடுவதா வைத்திருப்பதா என்று வருகிற வாரக் கூட்டத்தில் முடிவு செய்யப்போகிறார்கள். கருப்பையா மருந்து வாங்க வந்தபோது இதை எங்கேயோ கேள்விப்பட்டு என்னைத் தேடி வந்தார். "ஐயா, மேல எங்க ஊர்க்காரங்க, கிளாவரைக்காரங்க எல்லாம் வருசா வருசம் மழையில அந்தப் பக்கமே அடைபட்டுக் கெடக்கோம். அந்த மெதுவா போற கம்பி இருக்குமில்லங்கய்யா?" என்றார். அது கம்பி இல்லை என்று திருத்தப் போனவன், நிறுத்திக்கொண்டேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. மறுபடி அதே விடுதி, அதே தலைவர், அதே சிரிப்பு. நான் எழுந்தால் 'சத்தமா சார்' என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள். வாக்கியம் பாதியில் அறும். ஒருவேளை நான் சொல்வது தவறோ என்று அந்த நேரம் பார்த்துத் தோன்றும். தோன்றட்டும். சரிபார்ப்பதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, சரிபார்ப்பேன். ஆனால் போவேன். முன்வரிசையில் உட்காருவேன். வில்பட்டிப் பாதையைக் கோட்டில் இல்லாமல் தரையில் காட்டுகிறேன், வாருங்கள் என்று புதிய நிர்வாகியைக் கூப்பிடுவேன். அங்கே ஓர் இழை இறங்கி, அதிலிருந்து ஓர் ஈ.சி.ஜி. மதுரைக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பழைய தட்டைக் கூரையிலிருந்து இறக்கக் கூடாது என்று சொல்வேன். கேட்கவில்லை என்றால் இன்னொரு முறை சொல்வேன்.

அவர்களுடைய தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அதில் என் பெயர் ஏறாது என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். என் கையெழுத்தை இந்தத் தாளில்தான் போடுகிறேன்.

நீ அதட்டினால்தான் வாய் திறக்கிற,
உன் தம்பி சுந்தரம்